டைனோ தாளில் உச்ச எண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில்தான் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து மீன் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்து சேரும். ஓட்டமில்லாத அந்த இடைவெளியில் பிக்கப்பைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப் செய்து, சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்து, அச்சிட்ட தாளோடு திரும்புகிற உரிமையாளர்கள் இப்போது பலர். அந்தத் தாளில் அவர்கள் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான்: உச்சக் குதிரைத்திறன்.

சென்ற தடைக்காலத்தில் ஒருவர் இரண்டரை லிட்டர் டீசல் பிக்கப்பையும் அதன் தாளையும் கொண்டுவந்தார். முன்பு 58 குதிரைத்திறன், பின்பு 76. ஆனால் ஐஸும் மீனும் ஏற்றினால் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி முன்னைவிடத் திணறுகிறது என்றார். அவர் சொன்னதும் உண்மை, தாளில் இருந்ததும் பொய்யில்லை. தாளின் மூலையிலிருந்த பொடி எழுத்துகளை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஓட்டம் பிற்பகலில், 38 டிகிரி வெப்பத்தில், எந்தத் திருத்தமும் இல்லாமல் எடுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது மறுநாள் காலை 27 டிகிரியில், எஸ்.டி.டி. என்ற பழைய திருத்தக் கணக்கோடு எடுக்கப்பட்டிருந்தது. வெப்பத்தாலும் காற்றழுத்தக் குறைவாலும் இன்ஜின் இழக்கும் திறனைக் கணக்கிட்டுக் கூட்டித் தருவதே திருத்தம். எஸ்.டி.டி. ஏறத்தாழ 15.5 டிகிரி வெப்பத்தை அளவுகோலாகக் கொள்கிறது; எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற முறை 25 டிகிரியைக் கொள்வதால் அது காட்டும் எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமும் நம் கரையைவிடக் குறைவு; அதற்கும் சேர்த்துத் திருத்தம் எண்ணை ஏற்றிவிடுகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கொண்ட இன்ஜினோ அந்த இழப்பில் ஒரு பகுதியைத் தானே ஈடுகட்டிக்கொள்வது. எனவே இழக்காத திறனையும் சேர்த்துத் தாள் கணக்கில் எழுதுகிறது. என் கணக்கில் அந்த 76-இல் ஏறத்தாழ ஐந்து குதிரைத்திறன் இப்படி வந்ததுதான்.

ஆனால் திணறலுக்குக் காரணம், எந்தச் சுற்றில் எவ்வளவு திறன் என்று தாளில் காட்டும் வளைகோட்டில் இருந்தது. உச்சம் நிமிடத்துக்கு 3200 சுற்றில். சுமையோடு செல்லும் மீன் வண்டி பெரும்பாலும் ஓடுவது 1500-க்கும் 2200-க்கும் இடையில். அந்தப் பகுதியில் புதிய கோடு பழைய கோட்டுக்குக் கீழே கிடந்தது. கச்சான் காற்று எதிர்த்து வீசும் நாளில் மதுரைச் சாலையில் ஓட்டுபவருக்கு 3200 சுற்றிலுள்ள குதிரைத்திறனால் என்ன பயன்?

முறுக்குவிசைக் கோட்டை, அதாவது இன்ஜின் தண்டைத் திருப்பும் விசையைக் காட்டும் கோட்டை, படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். உருளை வகை டைனோ உருளையின் வேகத்தையும் அதன்மேல் செயல்படும் விசையையும் அளந்து திறனைக் கணக்கிடுகிறது. முறுக்குவிசை அந்தத் திறனை இன்ஜின் சுற்றால் வகுத்துப் பெறப்படுவது. சுற்று அளவு தவறினால் முறுக்குவிசையும் தவறும். உண்மையில் 2000 சுற்றில் ஓடும் இன்ஜினைக் கருவி 1800 என்று படித்தால், 200 நியூட்டன் மீட்டர் 222 ஆகத் தெரியும். நிறுவனம் சொல்லும் எண் இன்ஜினில் அளந்தது, டைனோ காட்டுவது சக்கரத்தில் அளந்தது என்பதால் 15 முதல் 20 விழுக்காடு குறைவாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அந்த வண்டியின் பூஸ்ட் சென்சார் இணைப்பியைக் கழற்றியபோது உள்ளேயிருந்த பின்கள் பச்சை பூத்திருந்தன. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீரும் கடற்காற்றும் சேர்ந்து செய்த வேலை. டர்போ அழுத்தத்தைத் தவறாகச் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு ரீமேப் செய்தால், நோயுள்ள வண்டிக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பது போலாகும். நம் கரையில் ஓடும் வண்டிகளுக்கு இணைப்பிகள், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்காமல் டைனோவுக்கு அனுப்பாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான்.

ஒரு டைனோ ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடும். அதற்குள் புகைபோக்கி வெப்பம் முழுமையாக ஏறாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை சுமையோடு ஓடும்போது ஏறும். டீசலை அளவுக்கு மீறி ஊட்டியிருந்தால் டர்போவும் பிஸ்டனும் அப்போதுதான் வேகும். ஆகவே சுமை கொடுக்கும் வகை டைனோவில், 2000 சுற்றில் ஒரு நிமிடமாவது நிறுத்திப் பிடித்து, அந்த வெப்பத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கரும்புகை வந்தால் அந்த ரீமேப்பை ஏற்காதீர்கள். புகைச் சான்றிதழும் காப்பீடும் பிறகு சிக்கலாகும்.

இணைப்பியை மாற்றிய பின் அதே உரிமையாளர் மீண்டும் ரீமேப்புக்குப் போனார். நான்காம் கியரில், ஒரே திருத்த முறையில், ஒரே காலையில், முன்னும் பின்னும் மும்மூன்று ஓட்டங்கள். உச்சம் 67 மட்டுமே. ஆனால் 1800 சுற்றில் கோடு பழையதைவிடத் தெளிவாக மேலே நின்றது. மூன்று ஓட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. தடை நீங்கிய முதல் வாரத்தில் முழுச் சுமையோடு பாலம் ஏறிவிட்டு, மூன்றாம் கியருக்கு இறங்கவே இல்லை என்று அக்கரையிலிருந்தே எனக்கு அழைத்துச் சொன்னார்.