வேலூர் கார்காரர்களே, இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?

காட்பாடியிலிருந்து கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி எட்டிப்பிடிக்கும் தூரம்தான். தாண்டினால் ஆந்திரா. இந்தப் பக்கம் பள்ளிகொண்டா வழியாகப் பெங்களூர் சாலை. ராத்திரி காணாமல் போன கார் விடிவதற்குள் மாநிலம் மாறிவிடும். ஆகவே தேடுவதைவிட, எடுக்கவிடாமல் செய்வதுதான் முக்கியம்.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியை வாசலருகே ஆணியில் மாட்டாதீர்கள். ஒருவன் கருவியோடு கதவருகே நிற்பான், இன்னொருவன் காரருகே. சாவியின் சிக்னலை அங்கே கடத்தி, சாவி பக்கத்திலேயே இருப்பதாகக் காரை ஏமாற்றிவிடுவார்கள். கண்ணாடி உடையாது, அலாரமும் அடிக்காது. சிக்னல் தடுக்கும் பையில் சாவியைப் போட்டு, அதைக் கையில் பிடித்தபடி கார்க் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பை வீண். எவர்சில்வர் டப்பாவையும் இப்படிச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். மாற்றுச் சாவிக்கும் ஒரு பை வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) இல்லாத பழைய கார்களுக்குக் கியர் லாக் நல்லது. இறுக்கியதும் தலை முறிந்துவிடும் போல்ட் போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண போல்ட்டை ஸ்பேனரால் கழற்றிவிடலாம். மின் பெட்ரோல் பம்ப் உள்ள பழைய வண்டியில் பம்பை நிறுத்திவைக்க மறைவாக ஒரு சுவிட்ச் வைக்கலாம். பம்புக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயில், 'காயில்' (coil) பக்கத்து மெல்லிய வயரில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். பம்புக்குப் போகும் மெயின் வயரில் கொடுத்தால் சின்ன சுவிட்ச் சூடேறி உருகும், வண்டி நடுரோட்டில் நிற்கும். வாரண்டி உள்ள புது வண்டியில் வயரை வெட்டவே கூடாது.

ஜி.பி.எஸ். கருவிக்குச் சொந்த பேட்டரி இருக்க வேண்டும். அதன் சிம்முக்கு ரீசார்ஜ் காலாவதியாகியிருந்தால் அது வெறும் டப்பா.

மருத்துவமனைத் தெருக்களிலும் கோட்டைப் பக்கமும் பார்க்கிங் ஆளிடம் சாவிக்கொத்தையே கொடுப்பதை விடுங்கள். ஆர்.சி.யை டிஜிலாக்கரில் வையுங்கள், டேஷ்போர்டில் வேண்டாம்.

வண்டி போய்விட்டால் உடனே 112. எஃப்.ஐ.ஆர். பதிந்து அன்றே இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கை முடக்கும் முன் போலீசாரைக் கேளுங்கள். டோல்கேட்டில் பணம் கழிந்த குறுஞ்செய்தி வண்டி போன திசையைக் காட்டலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் நிறுவனம் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் இன்றே எழுத்தில் தெரிவித்து, சர்வீஸ் சென்டரில் பழைய சாவியின் பதிவை நீக்கிப் புதியதைப் பதியுங்கள்.