லிப்போசோம்: குமிழி அல்ல, பை

2021இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, மருந்துச் சீட்டோடு கடை கடையாக அலைந்தவர்கள் பலர். சீட்டில் ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் பெயருக்கு முன்னால் ‘லிப்போசோமல்’ என்றொரு அடைமொழி இருந்தது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் மருந்தே மாறிப்போகும்.

கிரேக்கத்தில் லிப்போஸ் என்றால் கொழுப்பு, சோமா என்றால் உடல். 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர் லெசித்தின் போன்ற கொழுமியங்களை (லிப்பிட் எனும் கொழுப்பு வகைப் பொருள்களை) நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அவை தாமாகவே வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மூடிக்கொண்டிருந்தன. கொழுமிய மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை வெறுக்கும். அதனால் வால்கள் ஒன்றையொன்று நோக்க, இரட்டைச் சுவர் எழும்பி, நடுவில் கொஞ்சம் நீர் சிறைப்படுகிறது. அவர் இதற்கு இட்ட பெயர் வாயில் நுழையாத நீளம். லிப்போசோம் என்ற பெயரைச் சூட்டியவர் ஜெரால்ட் வைஸ்மன்.

இதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கொழுப்புடல்’ என்று வரும். இலங்கைப் பாடநூல்கள் குரோமோசோமை நிறமூர்த்தம் என்கின்றன. அந்த வழியில் ‘கொழுமூர்த்தம்’ என்றும் ஆக்கலாம். இரண்டும் சொல்லின் பிறப்பைக் காட்டுகின்றன, பொருளைக் காட்டவில்லை. ‘நுண்குமிழி’ என்று எழுதுவதோ பிழைக்கே வழிவிடும். குமிழிக்குள் இருப்பது காற்று. அல்ட்ராசவுண்ட் படம் தெளிவாகத் தெரிய ரத்தநாளத்தில் ஏற்றும் வாயு நிரம்பிய துகள்கள்தாம் உண்மையான நுண்குமிழிகள். லிப்போசோமுக்குள் இருப்பது நீர். ஆகவே ‘கொழுமிய நுண்பை’ என்பதே பொருத்தம். பை என்றதுமே உள்ளே எதையோ வைக்கலாம் என்பதும் விளங்கிவிடுகிறது. மருந்துக்குப் பதில் கடோலினியம் என்ற உலோகத்தை வைத்தால் அதே பை எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிரும். அது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலைதான்.

மருந்து பையில் எங்கே இருக்கிறது என்பது மருந்தைப் பொறுத்தது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சிலில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து உள்நீரில் படிகமாக உறைந்து கிடக்கிறது. ஆம்போடெரிசின் கொழுப்பை நாடுவது, ஆகவே சுவருக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. பையின் விட்டம் 100 நானோமீட்டருக்குள். ஒரு சிவப்பணுவின் குறுக்கே எழுபது, எண்பது பைகளை வரிசையாக வைக்கலாம். சுவரில் பிடிபட்ட மருந்து சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கல்லீரல், மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் பையை அள்ளிக்கொள்ளும். காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோயின் கிருமி ஒளிந்திருப்பதும் அதே அணுக்களில்தான். அதனால்தான் இந்தியத் துணைக்கண்டத்தில் அந்நோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே தவணை போதுமானதாகிறது.

பை உடைந்தால் பயன் போச்சு. லிப்போசோமல் ஆம்போடெரிசினின் 50 மி.கி. குப்பியில் இருப்பது மஞ்சள் கட்டி. அதில் ஊசிக்கான தூய நீர் 12 மி.லி. விட்டு, உடனே 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். மெதுவாக உருட்டினால் கட்டி முழுதாகக் கரையாது. மில்லிக்கு 4 மி.கி. கொண்ட, ஒளி ஊடுருவும் மஞ்சள் நீர்மம் கிடைக்கும். அதைக் கூடவே வரும் 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலில் சேர்க்க வேண்டும். நார்மல் சலைன் எனும் உப்புநீரில் விட்டால் திரிந்து படிந்துவிடும். முன்பு சலைன் ஓடிய குழாயையும் டெக்ஸ்ட்ரோஸால் கழுவியே பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு பெயரில் நேர்வது. கறுப்புப் பூஞ்சைக்கு லிப்போசோமல் வகை கிலோவுக்கு 5 மி.கி.; 60 கிலோ நோயாளிக்கு நாளுக்கு 300 மி.கி., அதாவது ஆறு குப்பி. சாதாரண ஆம்போடெரிசின் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. அதே நோயாளிக்கு உச்சம் 90 மி.கி. அந்த 300ஐ இந்த வகையில் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். போதாக்குறைக்கு ‘லிப்பிட் காம்ப்ளெக்ஸ்’ என்று மூன்றாவது வகையும் உண்டு. அது பை அல்ல, நாடா வடிவம். மருந்தளவு ஒத்துப்போவதால் இதுவும் லிப்போசோமலும் ஒன்றென்று நினைப்பவர் உண்டு. கலக்கும் முறை வேறு.

ஆகவே நோயாளிக்கு விளக்கும்போது ‘கொழுமிய நுண்பை’ என்று சொல்லலாம். மருந்துச் சீட்டிலும் செவிலியர் குறிப்பிலும் ‘லிப்போசோமல்’ என்று முழுதாக, சுருக்காமல் எழுதுங்கள். ‘ஆம்போ 300’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு வந்தால், எழுதியவரைக் கேட்காமல் குப்பியைத் திறக்காதீர்கள்.