சலவைக்கல்லா, பளிங்குக்கல்லா?

‘இத்தாலியின் புகழ்பெற்ற சலவைக்கல் சுரங்கங்கள்.’ மார்பிளுக்குப் பெயர்போன கராரா மலையைப் பற்றி எந்த ஆவணப்படம் தமிழுக்கு வந்தாலும் இந்த வரி வந்துவிடுகிறது. டப்பிங்கில் வருகிறது, துணைத்தலைப்பில் வருகிறது, கல் விற்கிற கடைகள் அச்சடிக்கும் வழவழ விளம்பரத்தாளிலும் வருகிறது. இதில் மார்பிளைச் சலவைக்கல் என்பதும் தப்பு, அதை வெட்டும் இடத்தைச் சுரங்கம் என்பதும் தப்பு. இத்தாலி மட்டும்தான் சரி. அதுவும் பல கடைகளில் சரியில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிறப்பு வளர்ப்பை முடித்துவிடுவோம். மார்பிள் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனின் ‘மார்மோர்’ வழியாக, லத்தீனுக்குக் கிரேக்க ‘மார்மரோஸ்’ வழியாக. மினுங்கும் கல் என்று பொருள் சொல்வார்கள். இத்தாலியில் இன்றும் ‘மார்மோ’. பாரசீகத்தில் ‘சங்கே மர்மர்’, அது இந்தியில் ‘சங்மர்மர்’. துருக்கியின் மர்மரா கடலுக்குப் பெயர் கொடுத்த தீவும் இந்தக் கல்லை வெட்டி அனுப்பிய தீவுதான். போதும்.

இனி சலவைக்கல். சலவை என்றால் வெளுப்பு. சலவை வேட்டி, சலவை சோடா, மடிப்புக் கலையாத சலவை நோட்டு என்று எங்கே போனாலும் துவைத்து வெளுத்த பொருள்தான் நினைவுக்கு வரும். சலவைக்கல் என்றதும் படித்துறையில் கிடக்கிற துணி துவைக்கும் கல் கண்முன் வந்தால் குற்றம் கேட்பவருடையது அல்ல. அந்தக் கல்லுக்கும் அதே பெயர்தானே. ‘சலவை செய்ததுபோல வெள்ளையான கல், அதனால் அந்தப் பெயர்’ என்று ஆதரவாளர்கள் விளக்குவார்கள். வெள்ளைக்குப் பொருந்தும், சரி. இத்தாலியின் லா ஸ்பெத்சியா கடலோரத்தில் எடுக்கிற போர்த்தோரோ என்ற கல்லை என்ன செய்வது? கன்னங்கரேலென்று இருக்கும், அதில் பொன்னிறக் கோடு ஓடும். வெரோனாவின் சிவப்பு? அவற்றையும் ‘கறுப்புச் சலவைக்கல்’, ‘சிவப்புச் சலவைக்கல்’ என்று எழுதுகிறார்கள், எழுதும்போது யாருக்கும் கை கூசவில்லை.

அக்கம்பக்கத்து மொழிகளைக் கொஞ்சம் பாருங்கள். மலையாளத்தில் வெண்ணக்கல்லு, அதாவது வெண்ணெய்க்கல். கன்னடத்தில் அமிருதசிலை. தெலுங்கில் பாலராயி, பால்கல். ஒருத்தருக்கு வெண்ணெய், ஒருத்தருக்கு அமுதம், ஒருத்தருக்குப் பால். நமக்கு மட்டும் துணி துவைக்கிற வேலை. ஆனால் தெலுங்கில் இன்னொரு பெயரும் இருக்கிறது: சலுவராயி. அந்த மொழியில் சலுவ என்றால் முதலில் குளிர்ச்சி, அப்புறம்தான் வெளுத்த துணி. வெயிலில் வந்து வெறுங்காலை வைத்தவர் இட்ட பெயர், குளிர்கல். நம் சலவைக்கல் அந்தச் சலுவராயியின் உறவுதான் என்பது என் எண்ணம். குளிர்ச்சி வழியில் எங்கேயோ தொலைந்துபோய், வெளுப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பொருள் தொலைந்த பெயரைத் தூய தமிழ் என்று கொடி பிடிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

சிரிப்போடு போனால் பரவாயில்லை. இந்தப் பெயர் தரையையும் கெடுக்கிறது. மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தயிர், குளியலறை ஆசிட் எதுவானாலும் அதைத் தின்றுவிடும். கடினத்திலும் அது 1 முதல் 10 வரை போகிற மோஸ் அளவையில் 3-தான். கிரானைட் 6, 7 வரை போகும். மொசைக் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவிப் பழகிய வீட்டில் ‘சலவைக்கல் போட்டிருக்கோம்’ என்றால், வேலைக்கு வருகிற அம்மா என்ன நினைப்பார்? நன்றாகச் சலவை செய்யத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விழுந்து கொஞ்ச நேரம் கிடந்தால் போதும், அந்த இடத்தில் பளபளப்பு போய், நாணயம் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம் நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தால்தான் தெரியும். விரலால் தடவினால் அங்கே மட்டும் லேசாகச் சொரசொரக்கும். அது கறை இல்லை, அரிப்பு. கறையைத் துடைக்கலாம். அரிப்பு என்றால் மேல்தோலே போய்விட்டது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் ஆகும். நான் பார்த்த ஒரு பராமரிப்புக் குறிப்பில் ‘அமிலங்கள் சலவைக்கல்லில் பொறிக்கும்’ என்று இருந்தது. என்ன பொறிக்கும், கல்வெட்டா? அரிக்கும் என்று எழுத இரண்டு நொடி ஆகுமா? ‘எட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவரை மொழிபெயர்ப்பாளர் என்கிறோம். அவருக்குச் சொல்லுக்கு இத்தனை காசு என்று கூலி. வாக்கியத்தைத் திரும்பப் படிக்க யாரும் கூலி தருவதில்லை.

அப்போது பளிங்கு சரியா? அதற்கு எதிராகவும் ஒரு வழக்கு இருக்கிறது, மறைக்க வேண்டாம். பளிங்கு மார்பிளே இல்லை, அது ஸ்படிகம் என்பார்கள். உண்மைதான். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்கிற குறளில் வருவது பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தனக்குள் காட்டும் தெளிந்த கல். மணிமேகலை ஒளிந்துகொள்கிற பளிக்கறையும் அப்படித்தான்: உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் கேட்காது. மார்பிள் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், அவளைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரன் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பான். இலங்கைத் தமிழ் அறிவியல் பாடநூல்களில் இன்றும் பளிங்கு என்றால் படிகம்தான். ஆக, வெறும் பளிங்கு என்று எழுதுவதில் குழப்பம் உண்டு. பளிங்குக்கல் என்று கல்லையும் சேர்த்து எழுதுங்கள் என்பேன்.

ஆனால் ‘அது ஸ்படிகத்தின் திரிபு, வடசொல்’ என்று தள்ளுவதை ஏற்கமாட்டேன். படிகமும் அதே ஸ்படிகத்திலிருந்து வந்ததுதான். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு சொற்கள் தமிழ்நாட்டில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன: ஒளி ஊடுருவுவதற்குப் படிகம், தளத்துக்கும் தூணுக்கும் பளிங்கு. இந்தப் பங்கீடு தற்செயலாக நடந்ததோ என்னவோ, நிலவியலுக்கு அருமையாகப் பொருந்துகிறது. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, அதிலிருக்கும் கால்சைட் மறுபடி படிகமாக வளர்ந்தால் மார்பிள். கராரா கல்லைப் புதிதாக உடைத்த முகத்தில் பார்த்தால் சர்க்கரையைக் கொட்டினாற்போல் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மினுங்கும். இத்தாலியர்களும் அந்த இழைக்குச் சர்க்கரையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்கள் மினுங்கும் கல் என்றார்கள். பளிங்கிலும் அதே மினுங்கல் இருக்கிறது. சலவையில் அது எங்கே?

சுரங்கத்துக்கு வருகிறேன். சுரங்கம் என்றால் பூமிக்குள் குடைந்து போகிற வழி. இந்தச் சொல்லே கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் ‘சிரிங்ஸ்’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கராரா இருக்கிற, டஸ்கனியின் அப்புவான் மலைத்தொடரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குடைவு இல்லை. மலையின் தோள் படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டுப்பட்டு, திறந்த வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும். தூரத்திலிருந்து பனி என்று ஏமாறாதவர் குறைவு. அதற்கு நம் ஊரில் வாயில் வழங்கும் சொல் குவாரி, கல்குவாரி. திருப்பூர்ப் பக்கம் கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தைப் பாறைக்குழி என்பார்கள், நல்ல சொல். குவாரி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனில் சதுரிப்பது. கல்லைச் சதுரமாக்குகிற இடம். தோண்டுகிற பேச்சே அதில் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். கராராவில் மலைக்குள்ளே போய் வெட்டுகிற குவாரிகளும் உண்டு. ஃபாந்திஸ்கிரித்தி பள்ளத்தாக்கில் மலையின் வயிற்றுக்குள் ஒரு கோயில் மண்டபத்தைவிட உயரமான கூடங்கள் இருக்கின்றன, தூண்களைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், மலை இறங்கிவிடாமல் இருக்க. அங்கே வேண்டுமானால் சுரங்கக் குவாரி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வினைச்சொல் மாறாது. நிலக்கரியைத் தோண்டலாம், ஜல்லியை உடைக்கலாம். தூணுக்கும் தளத்துக்கும் கல்லை வெட்டத்தான் வேண்டும். நம் கல்தச்சர்கள் இதை மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் ‘தோண்டி எடுக்கிறார்கள்’ என்று எழுதக் கை வராது. மேலிருந்து ஒரு துளை, முன்பக்கத்திலிருந்து ஒரு துளை போடுவார்கள். இரண்டும் பாறைக்குள்ளே ஒன்றையொன்று சந்திக்கவேண்டும். அதன் வழியே வைரத்தூள் ஒட்டிய மணிகள் கோத்த எஃகுக் கம்பியை நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி, மோட்டாரின் சக்கரத்தில் மாட்டிவிடுவார்கள். கம்பி சுற்றச் சுற்ற, இயந்திரம் தண்டவாளத்தில் மெல்லப் பின்னால் நகரும். வெட்டுவாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது அது பாலாக இருக்கும். (அந்தப் பால் ஆற்றில் கலந்து மீனைக் கெடுக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டை போடுவது தனிக் கதை.) வெட்டு முடிந்ததும் இடுக்கில் தட்டையான பைகளைச் செருகித் தண்ணீரை ஏற்றுவார்கள். பை உப்பும், கல் முன்னால் சாயும். விழும் இடத்தில் மண்ணும் உடைகல்லும் பரப்பி மெத்தை போட்டிருப்பார்கள், விழுந்த வேகத்தில் விரிசல் விடக்கூடாதே. ஒரு கன மீட்டர் கல் சுமார் 2.7 டன்.

இந்த வைரக்கம்பி 1970களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பு மணலும் தண்ணீரும் ஊற்றி முறுக்குக் கம்பியால் அறுத்தார்கள், அதற்கும் முன்பு வெடிமருந்து, அதற்கும் முன்பு ஆப்பும் சுத்தியலும். ரோமர்கள் கி.பி. 113-இல் முடித்த திராயான் தூணுக்கும், மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது சிலைக்கும் கல் போனது இந்த மலையிலிருந்துதான். வெட்டிய பாளத்தை மரச்சட்டத்தில் கட்டி, சோப்புத் தடவிய கட்டைகளின்மேல் வழுக்கவிட்டு, கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறக்குவார்கள். கயிறு அறுந்தால் கீழே நிற்பவர் கதி அவ்வளவுதான். இத்தனையையும் ‘சுரங்கத்திலிருந்து பெறப்படுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எப்படி?

இப்படி எழுதுகிற இதே ஆட்கள் வீடு வரைக்கும் வந்து ‘சலவைக்கல் நிறுவல் சேவை’ என்று பலகை வைக்கிறார்கள். சிலையை நிறுவலாம், நிறுவனத்தை நிறுவலாம். தரையில் கல்லைப் பாவுவார்கள், பதிப்பார்கள், சும்மா பேச்சில் போடுவார்கள். கல் பாவிய முற்றம் என்று எழுதிய மொழிக்கு நிறுவல் எதற்கு? ஸ்லாபுக்குப் பாளம் என்ற நல்ல சொல் இருக்கிறது, மேஸ்திரி ஸ்லாப் என்றே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு விஷயம் தெரியும்: வெள்ளைப் பாளத்துக்கு அடியில் சாதாரண சிமெண்ட் போட்டால் சாம்பல் நிறம் மேலே ஊறித் தெரியும், அதனால் ஒயிட் சிமெண்ட்தான். ஒரே பாறையில் அடுத்தடுத்து அறுத்த பாளங்களின் பின்னால் வரிசை எண் இருக்கும், அதைக் கலைக்காமல் முதலில் ஈரமில்லாமல் பரப்பிப் பார்த்து, கோடு கோட்டோடு சேர்கிறதா என்று கவனித்த பிறகே பதிப்பார். விரித்த புத்தகம்போல் கோடு சேரப் பதிக்கிற ‘புக்மேட்ச்’சை ‘புத்தகப் பொருத்த நிறுவல்’ என்று விளம்பரத்தில் எழுதியவருக்கு இதில் எதுவும் தெரியாது.

கடைசியாக அந்த இத்தாலி. நம் ஊர்க் கடைகளில் இத்தாலியன் என்பது பல சமயம் நாட்டின் பெயர் இல்லை, தரத்தின் பெயர். துருக்கியிலிருந்து கப்பலில் வந்ததும் இத்தாலியன் வரிசையில்தான் சாத்தியிருக்கும். அசல் இத்தாலியிலேயே சிக்கல் இருக்கிறது: பிரேஷா பக்கம் வெட்டுகிற பொத்திச்சீனோ நிலவியல்படி சுண்ணாம்புக்கல், மார்பிளே அல்ல. பாலிஷ் ஏறுகிறதா, வியாபாரத்துக்கு மார்பிள். லத்தீன் காலத்திலிருந்து அப்படித்தான். தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா கல்லோ நிலவியல்படியும் அசல் பளிங்குக்கல், கடையில் அது வெறும் ‘இந்தியன்’.

பெயர்களையாவது விட்டுவைக்கிறார்களா? வெள்ளையில் தடித்த கோடு ஓடுகிற கலக்காத்தா, கராரா மலைகளில் எடுப்பது. விளம்பரத்தாளில் ‘கல்கத்தா சலவைக்கல்’ என்று அச்சாகியிருந்தது. வங்காளத்துச் சரக்கு, லாரி வாடகை குறையும் என்று நம்பி விலை பேசியவரைப் பார்த்தேன், விற்பவரும் திருத்தவில்லை. கராரா, ஸ்தாத்துவாரியோ, கலக்காத்தா, பொத்திச்சீனோ என்று கல்லின் பெயர்களை அப்படியே எழுதினால் போதும். கடைக்காரர் ஸ்தாத்துவாரியோவைச் சத்வாரியோ என்பார், அது அவர் நாக்குக்கு வந்த வழி. பில்லில் எந்த நாட்டுக் கல் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.