முட்டையைவிட ஆபத்து நிறப்பொடியில்!

முட்டை டெம்பெரா, அதாவது நிறப்பொடியை முட்டை மஞ்சள் கருவோடு குழைத்து வரையும் முறையைக் கற்க வருகிற பலரும் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள்: எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் கிடையாது, நெடி கிடையாது, முட்டையும் தண்ணீரும்தானே, இதில் என்ன ஆபத்து? டர்பன்டைன் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே வண்ணத்தை நாமே பொடியிலிருந்து குழைக்கிறோம். அந்தப் பொடி காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும்.

விலங்குகளை வரைபவர்களுக்குக் கவலை இன்னொன்றும் உண்டு. டெம்பெரா பலகையில் பட்ட சில நொடிகளில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம்போல ஈரத்திலேயே இழைத்துக் கலக்க முடியாது. முயல் காதின் ஓரம் மென்மையாகத் தெரிய, சாம்பல் கோடுகள்மேல் பழுப்பு, பழுப்பின்மேல் நீர்த்த வெள்ளை என்று ஒவ்வொரு முடியாக இழுக்க வேண்டும். ரோமம் வரைய இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் பிரஷ் நுனி ஊசிபோல நிற்க வேண்டுமே! அங்கேதான் பிரஷ் தானாக உதட்டுக்குப் போகிறது. மாணவர்களிடம் இதைக் கண்டால் அந்த நொடியே தடுத்துவிடுவேன். 1920களில் அமெரிக்காவில் கடிகார முகப்புக்குக் கதிரியக்கமுள்ள ரேடியம் வண்ணம் பூசிய பெண்கள் இப்படித்தான் நுனியைக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடை எலும்பே அழுகியது. நம் தட்டில் ரேடியம் இல்லை. ஆனால் பழைய செய்முறையை அப்படியே பின்பற்றினால் ஈய வெள்ளையும், பாதரசம் உள்ள சாதிலிங்கச் சிவப்பும், ஆர்செனிக் உள்ள அரிதார மஞ்சளும் வந்துவிடும். நுனியைக் கூராக்க ஈரத்துணி போதும்.

இந்த மூன்றும் இல்லாமலே காட்டை வரையலாம். வெள்ளைக்கு டைட்டானியம். மான், புலி, சருகு எல்லாவற்றுக்கும் மஞ்சள் காவியும் செங்காவியும் கைகொடுக்கும். அம்பர் (umber) என்ற மண் பழுப்பில் மாங்கனீஸ் இருப்பதால், மண் நிறம்தானே என்று அதன் தூசியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

பொடி டப்பாவைத் திறக்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள், துணிக்கவசம் உதவாது. பொடியைத் தண்ணீரில் குழைத்து மூடி வைத்துவிட்டால், பிறகு வரையும் நேரத்தில் அந்த விழுதோடு மஞ்சள் கருவைச் சேர்த்தால் போதும். சிந்தியதை ஊதவோ பெருக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பலகையில் பூசிய சுண்ணப் பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் கவசம் வேண்டும்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வண்ணம் குழைத்த கிண்ணமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. குழந்தைகள் கூட இருந்தால், பொடியைக் குழைக்கும் வேலையை அவர்கள் வருவதற்கு முன்பே முடித்து, காவி விழுதை மட்டும் கையில் கொடுங்கள்.