முசுறா, சின்ன எறும்பா?

தக்கலையில் பல் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து வருஷம் பல ஆகிவிட்டது. பிள்ளைகளின் பல்லைச் சரி செய்வது கூடச் சுலபம்தான். அதற்கு முன்னால் அம்மாவும் பிள்ளையும் என் அறையில் நடத்தும் வழக்கைக் கேட்டு முடிப்பதுதான் பெரிய வேலை.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா முடிந்த வாரம், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தார். கன்னத்தில் கை. கொடைக்கு வாங்கிய மிட்டாய் மொத்தமும் உள்ளே போயிருந்தது.

"ரெண்டு நேரமும் தேய்க்கான் டாக்டரே. நான் தெனமும் பாக்கேன்லா."

"எப்படிப் பாப்பீங்க?"

"பிரஷ் நனைஞ்சிருக்கான்னு தொட்டுப் பாப்பேன்."

பையன் காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "பைப்புல காட்டுனாலே பிரஷ் நனையும்."

"லேய்! அப்ப இத்தனை நாளும் கள்ளமா சொன்னே?"

"நான் எங்க கள்ளம் சொன்னேன்? தேய்ச்சியான்னு நீ கேக்கவே இல்லயே. பிரஷ்ஷத்தானே பாத்தே, பல்லையா பாத்தே?"

குழித்துறை கோர்ட்டில் இந்த வாதத்தைச் சொல்லியிருந்தால் நீதிபதியும் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க மாஸ்க் உதவியது.

அவன் சொன்னது சரிதான். நாம் பிரஷ்ஷைத்தான் பார்க்கிறோம். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை கடைவாய் வரை ஒழுங்காகப் போய்த் தேய்க்காது. காலையில் அவனே தேய்க்கட்டும், ராத்திரி நீங்கள் தேய்த்துவிடுங்கள். எதிரே நின்றால் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் உள்ளே எல்லாம் தெரியும். பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்குமேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு வளைத்து வளைத்து வைப்பது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கு. தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான். சீனி போட்ட பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கினால் தேய்த்ததற்கே அர்த்தமில்லை.

சரி, பையனின் வாய்க்கு வருவோம். வலித்தது கீழ்வரிசையில் கடைசிப் பல். நடுவில் கறுத்துக் குழி விழுந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "அது விழுற பல்லுதானே டாக்டரே, விழுந்து முளைக்கும்லா?"

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை எந்த வீட்டுக்காரர்கள் வந்தாலும் இதைச் சொல்லாமல் போவதில்லை. அது விழுகிற பல் இல்லை. பால்பற்கள் மொத்தம் 20. ஆறு வயது வாக்கில், அந்த வரிசைக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. முன்பல் விழுந்தால் வீடே கொண்டாடும், கூரையில் எறியப் போவார்கள் (இப்போது எல்லாம் டெரஸ் வீடு, எறிந்த பல் திரும்பித் தன் தலையிலேயே விழுந்தது என்று ஒரு வாண்டு என்னிடம் புகார் சொன்னது). இந்தப் பல்லோ சத்தம் போடாமல் வரும். யாருக்கும் தெரியாது. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் இது, போனால் வேறு முளைக்காது. மேல்பக்கம் ஆழமான பள்ளங்கள் உண்டு. மட்டி வாழைப்பழமும் மிட்டாயும் அதில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். முளைத்து வெளியே தெரிந்ததும் வந்து காட்டினால் பள்ளத்தை அடைக்கிற ஒரு பூச்சு பூசலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

பால்பல்லிலும் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவசரப்பட்டுப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரப்போகிற பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிற நான் என் மகளின் கடைவாயைப் பார்த்தது அவளுடைய ஏழரை வயதில். அதிலும் ஒரு சொத்தை. ஒரு வாரம் என் மனைவி என்னை 'டாக்டரே' என்றுதான் கூப்பிட்டாள்.

பையனுக்கு மரத்துப்போக ஊசி போட வேண்டும். அம்மா வழக்கமான வசனத்தைச் சொன்னார்: "ஒண்ணுமில்ல மக்களே, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"எந்த எறும்பு? சின்ன எறும்பா, முசுறா?"

முசுறு என்றால் மரத்தில் கூடு கட்டுகிற, கடித்தால் எரிகிற சிவப்பு எறும்பு. அவர்கள் வீட்டு மாமரத்தில் முசுறு கூடு உண்டாம். பட்டவனுக்குத்தானே தெரியும். "வலிக்கவே வலிக்காது" என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த முறை அவன் வாயையே திறந்திருக்க மாட்டான். "முதல்ல மருந்து தடவுவேன். அப்புறம் கொஞ்சம் கடிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன். விரலை மடக்கி எண்ணினான். ஊசியை எடுத்ததும் தீர்ப்புச் சொன்னான்: "பாதி முசுறு."

வீட்டில் "சோறு உண்ணலேன்னா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போட வைப்பேன்" என்று மிரட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சோற்றை அவன் உண்ணாததற்கு நான் எப்படிப் பொறுப்பு? அந்தக் கோபத்தை அவன் என் விரலைக் கடித்துத் தீர்க்கிறான்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பல் நன்றாக இருந்தது. ராத்திரி தோறும் செல்போன் டார்ச் அடித்து அம்மா வாயைப் பார்க்கிறாராம். எழுந்து போகும்போது பையன் சொன்னான்: "நானும் அம்மைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன் டாக்டரே. பின்னால ஒண்ணு கறுப்பா உண்டு."

அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பையன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தான். நான் ஊசியை எடுத்ததும் அவர் கண்ணை இறுக்கி மூடினார்.

பையன் காதருகே குனிந்தான்: "பயப்படாதம்மா. சின்ன எறும்புதான்."