ஜெட்: தாரையா, பீச்சா?

விமானம் கட்டும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) நிறுவனத்தின் பெங்களூர் அருங்காட்சியகத்தில் எச்டி-2, எச்ஜேடி-16 கிரண் என்று இரண்டு பழைய பயிற்சி விமானங்களைப் பார்க்கலாம். 'எச்' என்றால் ஹிந்துஸ்தான், 'டி' என்றால் டிரெய்னர், அதாவது பயிற்சி விமானம். கிரணின் பெயரில் மட்டும் நடுவில் ஒரு 'ஜே' இருக்கிறது. ஜெட் என்பதன் முதலெழுத்து அது. இந்த ஜெட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

1951இல் முதன்முதலாகப் பறந்த எச்டி-2க்கு மூக்கில் சுழல்விசிறி உண்டு. 1964இல் பறந்த கிரணுக்கு அது கிடையாது. அதன் எஞ்சின் காற்றை உள்ளே இழுத்து அழுத்தி, எரிபொருள் சேர்த்து எரித்து, சூடான வாயுவைப் பின்பக்கக் குழாய் வழியே பீறிட வைக்கும். வாயு பின்னால் பாய, விமானம் முன்னால் உந்தப்படும். அங்கேயே நிற்கும் மாருத் போர் விமானத்தின் வால்பக்கம் போனால் அப்படிப்பட்ட குழாய்கள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். பலரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விஷயமே பின்னால்தான் இருக்கிறது.

'எறி' என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் ஜெட். அதற்கும் மூலம் லத்தீன். குறுகிய துளையிலிருந்து பாயும் நீரைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். விமானத்துக்கு அந்தப் பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டில். ஜெர்மனில் இதற்கு 'ஷ்ட்ரால்' என்பார்கள். ஒளிக்கதிருக்கும் அதே சொல்தான். கிரண் என்றாலும் கதிர்தான். தற்செயல்தான், ஆனாலும் நன்றாகவே பொருந்துகிறது.

சரி, தமிழில்? 'தாரை' என்று எழுதுகிறார்கள். தாரை தாரையாகக் கண்ணீர், தாரை வார்ப்பது என்று நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் வடமொழி வழி வந்தது, அதில் ஒழுகுவதுதான் தெரிகிறது, அழுத்தம் தெரியவில்லை. பீச்சாங்குழலில் உள்ள 'பீச்சு' தமிழ்ச்சொல், பொருளிலும் துல்லியம். ஆனால் 'பீச்சு விமானம்' என்றால் வகுப்பில் சிரிப்பை அடக்க முடியாது. காரணம் சொல்லத் தேவையில்லை. என் ஓட்டு தாரைக்கே: தாரைப் போர் விமானம், தாரைப் பயிற்சி விமானம். பேச்சில் ஜெட் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், 'ஜெட் பிளாக்' என்பதில் உள்ள ஜெட் வேறு. அது மரம் புதைந்து இறுகி உண்டான ஒரு கறுப்பு நிறக் கல்லின் பெயர். அதைத் 'தாரைக் கறுப்பு' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அட்டைக்கரி, கன்னங்கரேல் என்று நம்மிடமே சொற்கள் இருக்கின்றன.