பத்து மில்லிசெக்கனில் பழசாகும் அளவீடு

“இரண்டு செய்மதிகளும் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒன்றின் அலையை மற்றது எப்படிப் பிடிக்கிறது?” என்று வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கரையோர ரயிலின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும் தொப்ளர் விளைவு அவருக்குத் தெரிந்ததுதான். செய்மதிகளில் வேகம் மிரட்டுகிறது. 550 கிலோமீற்றர் உயரத்தில் ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீற்றர் ஓடுகிறது. பாதைகள் குறுக்கிட்டால் சார்பு வேகம் 10 கிலோமீற்றரைத் தொடலாம். 26 கிகாஹேர்ட்ஸ் அலையில் அது ஏறத்தாழ 870 கிலோஹேர்ட்ஸ் நகர்வு.

அளந்து திருத்தினால் போதாதா? 3,000 கிலோமீற்றரைக் கடக்க அலைக்கு 10 மில்லிசெக்கன் ஆகும். அதற்குள் இடைவெளி 100 மீற்றர் மாறிவிடலாம்; அலைநீளமோ 1.2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. கைக்கு வரும்போதே அளவீடு பழசு. ஆகவே எதிர்வுகூறத்தான் வேண்டும்.

பெரும்பகுதி நியூற்றனின் விதிகளுக்குள் அடங்கிவிடும். சுற்றுப்பாதை தெரிந்தால் அடுத்த கணத்து வேகமும் தெரியும். மீடிறனை அந்த அளவுக்கு எதிர்ப்புறம் நகர்த்தி அனுப்பலாம். எஞ்சுபவை சிறு பிழைகள்: அலையை உண்டாக்கும் சுற்றான அலையம் வெப்பத்தால் நழுவுவது, சுற்றுப்பாதைத் தரவு சற்றே பிசகுவது.

இங்கேதான் 1960இல் ருடோல்ஃப் கல்மன் வெளியிட்ட ‘வடிகட்டி’ என்ற கணிப்பு முறை வருகிறது. எனக்கு அலுக்காத கணிதம் இது. மீடிறன் எவ்வளவு நழுவியிருக்கிறது என்ற மதிப்பீட்டோடு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்ற இன்னோர் எண்ணையும் அது வைத்திருக்கிறது. எதிர்வுகூறும் ஒவ்வொரு கணமும் நிச்சயமின்மை கூடுகிறது. புதிய அளவீடு வந்ததும் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. இரைச்சல் மிகுந்தால் பங்கு சிறுக்கிறது. அளவீடின்றி நெடுநேரம் கழிந்திருந்தால் பெருக்கிறது. அளவீடு 10 மில்லிசெக்கன் பழசா? அந்தப் பழைய கணத்து மதிப்பீட்டைத் திருத்தி, அங்கிருந்து இன்றைய கணம்வரை மீண்டும் முன்னோட்டிக் கணிக்கலாம். பழைய அளவீடுகள் அனைத்தையும் சேமித்துவைக்கத் தேவையில்லை.

தொப்ளரில் கவனக்குறைவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்க அனுப்பப்பட்ட ஹைகன்ஸ் விண்கலம் சாட்சி. அதைச் சுமந்து சென்ற தாய்க்கலமான கசினியில் அதன் தரவை வாங்கவேண்டிய ஏற்பி, பிட்டுகள் வந்துசேரும் வேகமும் தொப்ளரால் மாறும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் வடிவமைக்கப்பட்டிருந்தது. விண்கலங்கள் புறப்பட்டபின், 2000இல், பொறியியலாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் நடத்திய சோதனையில்தான் அது தெரியவந்தது. ஏற்பியை மாற்ற வழியில்லை. சார்பு வேகம் குறையும்படி கசினியின் பயணப் பாதையையே மாற்றினார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கியது.

2019இல் நம் நாட்டுச் சிறு செய்மதியான ராவணா-1 விண்ணுக்குச் சென்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் இந்த ஆய்வுக்கு ரொக்கெட்டே வேண்டியதில்லை. சுற்றுப்பாதைத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன; கணினி போதும். மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் இதில் இறங்க விரும்பும் மாணவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை ஒதுக்கினால், அடுத்த செய்மதிக்கான வானொலியை நாமே வடிவமைக்கலாம்.